வெள்ளைப் பளிங்கில் வட்டப் புள்ளிகள்

ஜெனனி ஒரு தேசிக்காயை இரண்டாக வெட்டி, மேசையில் கிடந்த வெள்ளைப் பளிங்குத் துண்டின் மேல் நாலு சொட்டுப் பிழிந்தாள். பக்கத்தில் இருந்த கருங்கல் துண்டின் மேலும் நாலு சொட்டு. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "இனி ஒரு அஞ்சு நிமிசம் பொறுங்கோ" என்றாள்.

எதிரே பதினாறு பேர் கதிரைகளில் இருந்தார்கள். சுவிஸில், வின்டர்தூர் நகரில் தயாபரன் நடத்தும் துப்புரவுக் கொம்பனியின் வேலையாட்கள். பெரும்பாலும் பெண்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, வீட்டு வேலைகளை அப்படியே போட்டுவிட்டு, கல்லைப் பற்றிக் கேட்க வந்திருந்தார்கள். தயாபரன் வரச் சொன்னார், வந்தார்கள். மற்றபடி முகங்களில் பெரிய ஆவல் ஒன்றும் தெரியவில்லை.

ஜெனனிக்கு முப்பத்தாறு வயது. ஓல்டனில் பிறந்தவள். அங்கே கல் பராமரிப்புப் பொருட்கள் செய்யும் ஒரு சிறிய கொம்பனியின் ஆய்வுகூடத்தில் எட்டு வருடம் வேலை செய்தாள். கல்லுக்கான சோப்பு, எண்ணெய்க் கறை எடுக்கும் பசை, தண்ணீர் ஊறாமல் காக்கும் பூச்சு, மினுக்கும் தூள் எல்லாம் அங்கே செய்தார்கள். அவற்றைக் கல்லில் தடவி, என்ன நடக்கிறது என்று எழுதி வைப்பது அவள் வேலை. போன இலையுதிர் காலத்தில் சூரிச் பக்கத்து விற்பனையாளர் ஓய்வு பெற்றார். "அந்தப் பக்கத்தில் துப்புரவுக் கொம்பனி வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் உங்கள் ஆட்கள். நீங்கள் போய்ப் பார்த்தால் என்ன?" என்று ஷெஃப், அவளுடைய முதலாளி, கேட்டார். ஜெனனி சரி என்றாள். ஒரு கிழமைக்குள் ஏன் சரி என்றோம் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அவளிடம் இருந்தது வீட்டுத் தமிழ். சாப்பாட்டுக்கும், தம்பியோடு சண்டை பிடிக்கவும், கலியாண வீட்டில் சுகம் விசாரிக்கவும் அது போதும். கல்லைப் பற்றி அதில் ஒருநாளும் அவள் கதைத்ததில்லை.

"இந்த மருந்து கல்லுக்கு உள்ளுக்குப் போகும்" என்று தொடங்கினாள். போத்தலில் வருவது எதுவானாலும் துப்புரவு வேலைக்காரருக்கு அது மருந்துதான் என்பதை அதற்குள் பிடித்துக்கொண்டிருந்தாள். "கல்லிலை சின்னச் சின்ன ஓட்டையள் இருக்கு. அதுக்குள்ள போய்..."

"ஓட்டையோ? அப்ப கீழ் வீட்டுக்கு ஒழுகாதோ?" என்று முன் வரிசையில் ஒரு பெண் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜெனனிக்குக் காது சூடாகியது.

இரண்டாம் வரிசையில் இருந்த மேர்சி சிரிக்கவில்லை. ஐம்பத்துநாலு வயது, ஒல்லியான பெண். பாசையூரில் இருந்து வந்து இருபத்திரண்டு வருடமாக இந்த வேலையில் இருப்பவள். "ஓட்டை எண்டு சொல்லாதேங்கோ பிள்ளை" என்றாள். "எங்கட தோலிலை வேர்வை வாறதுக்குக் கண் இருக்கெல்லோ, கல்லுக்கும் அப்பிடி இருக்கு எண்டு சொல்லுங்கோ. எல்லாருக்கும் விளங்கும்."

"ஓம், அதுதான்" என்றாள் ஜெனனி. அதற்குப் பிறகு அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக வந்தது.

ஐந்து நிமிடம் முடிந்ததும் இரண்டு கல்லையும் துடைத்தாள். கருங்கல் இருந்தபடி இருந்தது. பளிங்கில் நாலு சொட்டும் விழுந்த இடத்தில் நாலு மங்கல் வட்டங்கள். அதைக் கைக்குக் கை மாற்றிப் பார்க்கச் சொன்னாள். "இது கறை இல்லை. கறையெண்டால் ஏதோ ஒண்டு வந்து கல்லிலை ஒட்டுறது. இது கல்லே கரைஞ்சது. புளிப்பான எது பட்டாலும் பளிங்கின்ர மினுக்கம் போயிடும். தேசிக்காய், வினாகிரி, டொய்லெட் மருந்து, தண்ணியாலை படியிற சுண்ணாம்பு, அதுதான் கால்க், அதை எடுக்கிற மருந்து, எல்லாம் ஒண்டுதான்."

துண்டு மேர்சியின் கைக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது. அவள் அதை யன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"இப்பிடி வந்த புள்ளி திரும்பப் போகுமோ?"

"கழுவிப் போகாது அன்ரி. மினுக்கித்தான் எடுக்க வேணும். அதுக்கெண்டு ஆக்கள் இருக்கினம்."

மேர்சி தலையாட்டிவிட்டுத் துண்டை அடுத்தவளிடம் கொடுத்தாள். அறையில் சிரிப்பு அடங்கியிருந்தது. இரண்டு மூன்று பேர் தயாபரனைப் பார்த்தார்கள். அவர் தன் கைத்தொலைபேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, மேர்சி மட்டும் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றாள். ஜெனனி ஒரு துவாயை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள். மேர்சி தானாகவே சொன்னாள்.

சூரிச் சீஃபெல்டில் ஒரு வழக்கறிஞர் அலுவலகம். பழைய வீடு. வாசலைத் தாண்டியதும் பெரிய மண்டபம், தரை முழுக்க வெள்ளைப் பளிங்கு. ஒன்பது வருடம் கிழமைக்கு மூன்று நாள் விடியக் காலையில் அதைத் துடைத்தவள் மேர்சி. மூன்று வருடத்துக்கு முன் வழக்கறிஞர் ஹொட்ஸ் அந்தத் தரையைப் புதிதாகத் தேய்த்து மினுக்குவித்தார். இந்தப் பெப்ரவரியில் அவரிடமிருந்து தயாபரனுக்கு ஒரு கடிதம் வந்தது. துப்புரவு செய்பவர் பொருந்தாத மருந்தைப் பாவித்ததால் தரை பழுதாகிவிட்டது என்று அதில் எழுதியிருந்தது.

"தம்பி என்னை அங்கயிருந்து எடுத்திட்டார்" என்றாள் மேர்சி. தயாபரன் முதலாளி என்றாலும் அவளைவிட இளையவர், அதனால் அவளுக்கு எப்போதும் தம்பிதான். "இப்ப பள்ளிக்கூடமொண்டு தந்திருக்கிறார். அது பரவாயில்லை, வேலை வேலைதானே. ஆனா பிள்ளை, நான் அந்தக் கல்லிலை எங்க எந்தக் கோடு ஓடுது எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன். சோப்பைத் தவிர வேற ஒண்டும் போட்டதில்லை. எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

"இப்ப?"

மேர்சி தண்ணீரை நிற்பாட்டினாள். "இப்ப எனக்கே தெரியேல்லை. கடிதத்திலை அச்சடிச்சு எழுதிக் கிடக்கேக்க ஆருக்கும் ஒரு சந்தேகம் வரும்தானே. டொய்லெட் மருந்து வாளியோட அந்தத் தரையாலை போய் வந்தனான். சிந்தினதோ? சிந்திறதைக் காணாமல் விட்டனானோ? படுத்தால் அந்த வாளிதான் கண்ணுக்குள்ள நிக்குது."

தயாபரன் அப்போது வாசலில் வந்து நின்றார். "நான் அக்காவைப் பிழையெண்டு சொல்லேல்லை" என்றார் ஜெனனியிடம். "ஆனா வாடிக்கையாளர் அப்பிடிச் சொல்லேக்க நான் என்னத்தைச் சொல்லி மறுக்கிறது? எனக்குக் கல்லைப் பற்றித் தெரியாது. காப்புறுதிக்கு எழுதிப் போட்டன். அவ்வளவுதான்."

"தரையை ஆராவது வந்து பாத்தவையோ?"

"முந்தி மினுக்கின அந்த மனுசிதான் திரும்ப வரப் போறாவாம். ஃபிராவ் எக்லி."

ஜெனனிக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். ரெகினா எக்லி பழைய கட்டடங்களில் கல்வேலை திருத்துபவர். ஜெனனியின் வாடிக்கையாளர் பட்டியலில் இருக்கும் ஆகக் கடினமான ஆள். வருடத்துக்கு இரண்டு வாளி மினுக்கும் தூள் மட்டும் வாங்குவார். வேறு எதைப் பற்றிக் கதைக்கப் போனாலும், "விற்க வருபவர்களுக்கு எல்லாக் கல்லுக்கும் ஒரு போத்தல் இருக்கும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார்.

மேர்சி கையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். ஜெனனி யோசித்துத்தான் சொன்னாள். "நான் அவவோட கதைச்சுப் பாக்கிறன் அன்ரி. நீங்களும் வந்தால் நல்லது. ஆனா ஒண்டு. பாத்திட்டு உங்கட பிழையெண்டு தெரிஞ்சால் அதையும் நான் சொல்லுவன்."

"சொல்லுங்கோ" என்றாள் மேர்சி. "தெரியாமல் இருக்கிறதைவிட அது பரவாயில்லை."

திங்கட்கிழமை ஜெனனி எக்லிக்குத் தொலைபேசி எடுத்தாள். மறுமுனையில் எங்கோ கல் அறுக்கும் சத்தம் கேட்டது. விசயத்தைச் சொன்னதும் சத்தம் நின்றது.

"குற்றம் சாட்டப்பட்டவரையே கூட்டி வரப் போகிறீர்களா?" என்று எக்லி கேட்டார்.

"அந்தத் தரையை ஒன்பது வருடம் கிட்ட இருந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான். நீங்களும் நானும் அதை அவ்வளவு பார்த்ததில்லை."

"வியாழக்கிழமை, காலை ஏழரை" என்றார் எக்லி. "நேரத்துக்கு வாருங்கள். போத்தல் ஒன்றும் கொண்டு வர வேண்டாம்."

வியாழக்கிழமை மேர்சி டிராம் தரிப்பிடத்தில் அவளுக்கு முன்பே நின்றாள். வேலை உடுப்பில் வரவில்லை. கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகும் கருநீல மேலங்கி, கழுத்தில் சின்னச் சிலுவை. அந்த வீட்டின் முன் வாசலால் அவள் ஒருநாளும் போனதில்லை. பின் கதவுக்குத்தான் அவளிடம் திறப்பு இருந்தது. அன்று முன் வாசல் மணியை அடித்தார்கள். செயலாளர் கதவைத் திறந்து, மேர்சியைப் பார்த்ததும் காலை வணக்கம் மட்டும் சொன்னார்.

எக்லி ஏற்கெனவே உள்ளே முழந்தாளில் இருந்தார். நரைத்த குட்டை முடி, பை வைத்த வேலைக் காற்சட்டை. மண்டபத்து மின்விளக்குகளை அணைக்கச் சொல்லி, கைவிளக்கு ஒன்றைத் தரையோடு படுக்க வைத்தார். வெளிச்சம் கல்லின் மேல் கிடையாக ஓடியது.

மேலிருந்து பார்த்தபோது தரை வெறுமனே மங்கிக் கிடப்பதுபோல் இருந்தது. இப்போது அந்த மங்கல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. ஐந்து ரப்பன் காசளவு வட்டங்கள். சில ஒன்றின்மேல் ஒன்று விழுந்து பெரிதாகிக் கிடந்தன. நூற்றுக்கு மேல் இருக்கும்.

மேர்சி மேலங்கியை ஒதுக்கிக்கொண்டு எக்லிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டாள். கன்னம் தரையில் முட்டுமளவுக்குக் குனிந்து பார்த்தாள். பிறகு ஜெனனியைத் திரும்பிப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "இது மொப் இல்லைப் பிள்ளை. நான் எட்டு எழுதுற மாதிரி இழுக்கிறனான். என்ர வாளியிலை பிழையான மருந்து இருந்திருந்தால் தரை முழுக்க எட்டு எட்டாக் கிடக்கும். சுவரோரம் இன்னும் மோசமாயிருக்கும், அங்கைதான் தண்ணி தேங்கும். சுவரோரத்தைப் பாருங்கோ, கண்ணாடி மாதிரிக் கிடக்கு."

ஜெனனி அதைச் சுவிஸ் ஜெர்மனில் சொன்னாள். எக்லி விளக்கைச் சுவரோரம் நகர்த்தினார். அங்கே ஒரு மங்கலும் இல்லை.

"உண்மை" என்றார். "வந்தவுடன் நான் மேலிருந்து மட்டும்தான் பார்த்தேன். இது துடைத்து வந்ததில்லை. சொட்டி வந்தது."

"சொட்டெண்டால் வாளியிலை இருந்தும் சொட்டலாம்" என்றாள் மேர்சி. இதை அவளே ஜெர்மனில் சொன்னாள், மெதுவாக, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதுபோல. ஜெனனிக்கு அவளை நிறுத்த வேண்டும்போல் இருந்தது, ஆனால் நிறுத்தவில்லை.

எக்லி ஒரு வெண்கட்டியை எடுத்துச் சில வட்டங்களைச் சுற்றிக் கோடு போட்டார். மூவரும் எழுந்து நின்று பார்த்தார்கள். புள்ளிகள் மண்டபம் முழுக்கச் சிதறவில்லை. இடது பக்கத்தில், விருந்தினர் இருக்கும் மரத்தரை மூலையில் தொடங்கி, மண்டபத்தைக் குறுக்கே கடந்து, வருகையாளர் கழிவறைக் கதவு வரை ஒரு பாதையாகப் போயின. கதவடியில் ஒரு பெரிய கூட்டம். அதற்குப் பிறகு, கழிவறைக்குள் ஒன்றும் இல்லை, அங்கே தரை கருங்கல்.

"கையிலை என்னத்தையோ ஏந்திக்கொண்டு வந்த ஆள், கதவைத் திறக்க இதிலை நிண்டிருக்கு" என்றாள் மேர்சி. "ஒரு கையாலை பிடிச்சுக்கொண்டு மற்றக் கையாலை கதவைத் திறக்கேக்க சரிஞ்சிருக்கும்." சொல்லிவிட்டு அவள் மரத்தரை மூலையைப் பார்த்தாள். "நான் வாளியோட அந்த மூலைக்குப் போறதேயில்லை. என்ர வாளி பின் கதவாலை வந்து பின் கதவாலை போகும்."

அந்த மூலையில் இரண்டு சாய்கதிரைகளும், ஒரு சின்ன அலுமாரியும், அதன் மேல் பளபளக்கும் ஒரு கோப்பி இயந்திரமும் இருந்தன.

"இந்த மெஷின் எப்ப வந்தது?" என்று மேர்சி செயலாளரிடம் கேட்டாள். தனக்கு விடை தெரிந்த கேள்விதான்.

"போன யூலை" என்றார் செயலாளர். "ஹெர் ஹொட்ஸின் அறுபதாவது பிறந்தநாளுக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தோம்."

"கோடை விடுமுறைக்குப் பிறகுதான் திங்கட்கிழமைகளிலை சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டுக் காய்ஞ்சு கிடக்கும்" என்றாள் மேர்சி ஜெனனியிடம், குரல் தணிந்து. "கோப்பிக்குப் போட்ட பாலாக்கும் எண்டு துடைச்சு விட்டனான்."

அந்த நேரத்தில் முன் கதவு திறந்தது. சைக்கிள் தலைக்கவசத்தோடு ஹெர் ஹொட்ஸ் உள்ளே வந்தார். உயரமானவர், குளிரில் மூக்கு சிவந்திருந்தது. விளக்கு அணைந்த மண்டபத்தையும், தரையில் வெண்கட்டி வட்டங்களையும், மூன்று பெண்களையும் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். எல்லோருக்கும் ஒழுங்காகக் கை கொடுத்தார். மேர்சிக்குக் கை கொடுக்கும்போது மட்டும் அவர் கண்கள் வேறெங்கோ போயின.

"ஹெர் ஹொட்ஸ், அந்த இயந்திரத்தில் படியும் கால்க்கை யார் எடுப்பது?" என்று எக்லி கேட்டார்.

"நான்தான்" என்றார் அவர். முகம் மலர்ந்தது. "இரண்டு கிழமைக்கு ஒருமுறை, வெள்ளி பின்னேரம். அதை நான் வேறு யாரிடமும் விடுவதில்லை. சூரிச் தண்ணீருக்கு அப்படிச் செய்யாவிட்டால் இயந்திரம் நிலைக்காது."

"அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுவீர்கள்?"

"கழிவறையில். ஒரு பெரிய கண்ணாடிக் கோப்பையில் பிடித்துக்கொண்டு போய்..." அவர் நிறுத்திவிட்டார். ஆனால் இன்னும் அவருக்கு முழுதாக விளங்கியதாகத் தெரியவில்லை.

ஜெனனி வாயைத் திறக்கப் போனாள். பளிங்கைப் பற்றியும் அமிலத்தைப் பற்றியும் சொல்ல அவளிடம் எல்லாம் தயாராக இருந்தது. மேர்சி அவள் முழங்கையில் மெல்லத் தொட்டாள்.

"ஹெர் ஹொட்ஸ்" என்றாள் மேர்சி, ஜெர்மனில். "வெள்ளிக்கிழமை செய்யிறது மாதிரி ஒருக்கால் செய்து காட்டுறீங்களோ? மருந்து வேண்டாம். வெறும் தண்ணியோட."

அவர் எக்லியைப் பார்த்தார். எக்லி தலையசைத்தார். ஹொட்ஸ் தலைக்கவசத்தைக் கதிரையில் வைத்துவிட்டு, அலுமாரிக்குள் இருந்து சாலட் போடும் அகன்ற கண்ணாடிக் கோப்பை ஒன்றை எடுத்தார். அதை இயந்திரத்தின் கீழ் வைத்துத் தண்ணீரை ஓட விட்டார். நிரம்பியதும் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடந்தார். கோப்பையைச் சிந்தாமல் கொண்டுபோக வேண்டுமென்று அவ்வளவு கவனம், கண்ணெல்லாம் அதன் விளிம்பில். ஆனாலும் எடுத்து வைத்த ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொட்டு விளிம்பால் வழிந்து விழுந்தது. கழிவறைக் கதவடியில் நின்று, கோப்பையை இடது கையிலும் வயிற்றிலுமாகத் தாங்கிக்கொண்டு கைபிடியைத் திருகினார். அங்கே ஒரு கையளவு தண்ணீர் தரையில் விழுந்தது.

திரும்பிப் பார்த்தார். வெண்கட்டி வட்டங்களுக்குள்ளும் அவற்றின் பக்கத்திலும் தண்ணீர்ச் சொட்டுகள் மினுங்கிக்கொண்டு கிடந்தன.

தெருவில் ஒரு டிராம் போகும் சத்தம் கேட்டது.

மேர்சியின் கை தானாகவே பைக்குள் போய் ஒரு துடைக்கும் துணியை எடுத்தது. பழக்க தோசம். அவள் குனிவதற்குள் ஹொட்ஸ் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, "தயவுசெய்து, என்னிடம் தாருங்கள்" என்று துணியை வாங்கினார். சைக்கிள் ஓட்டும் காற்சட்டையோடு முழந்தாளிட்டு, கதவடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு சொட்டாகத் துடைத்துக்கொண்டு வந்தார். மூலை வரை துடைத்து முடித்துத்தான் எழுந்தார். காது வரை சிவந்திருந்தது.

"நான் ஒரு கடிதம் எழுதினேன்" என்றார் மேர்சியிடம். "பார்க்காமல், கேட்காமல் எழுதினேன். நான் செய்தது பெரிய பிழை. என்னை மன்னிக்க வேண்டும்."

பரவாயில்லை என்று மேர்சி சொல்லப் போகிறாள் என்று ஜெனனி நினைத்தாள். தன் அம்மா என்றால் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

"இன்னொரு கடிதம் எழுதுங்கோ" என்றாள் மேர்சி. "அதே ஆக்களுக்கு. என்ர பேரைப் போட்டு, நான் செய்யேல்லை எண்டு எழுதுங்கோ. அது வந்தாப் பிறகு மன்னிக்கிறன்."

"இன்றைக்கே" என்றார் ஹொட்ஸ். செயலாளர் மேசைக்குப் போய் அவளுடைய முழுப் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதினார்.

பிறகு வேலைக் கதை வந்தது. மினுக்கும் தூளைப் போட்டு இரண்டு நாளில் அந்தப் பாதையைத் திரும்ப எடுத்துவிடலாம், முழுத் தரையையும் தேய்க்கத் தேவையில்லை என்றார் எக்லி. ஹொட்ஸ் ஜெனனியின் பக்கம் திரும்பினார். "அதற்கு மேல் உங்கள் பாதுகாப்புப் பூச்சையும் போட்டு விடுங்கள். இருப்பதில் ஆக நல்லது எதுவோ அது. இனி இப்படி நடக்கக் கூடாது."

ஜெனனியின் பையில் விலைப்பட்டியல் இருந்தது. அந்த மண்டபத்துக்கு எத்தனை லீட்டர் தேவைப்படும் என்பது அவளுக்குக் கண்மதிப்பிலேயே தெரிந்தது. "அந்தப் பூச்சு எண்ணெய்க்கும் கோப்பிக்கும் நல்லது" என்றாள். "அமிலத்துக்கு உதவாது. எங்களுடையது மட்டும் இல்லை, எவருடைய பூச்சும் உதவாது. பூசினாலும் இதே புள்ளி இதே இடத்தில் வரும். உங்களுக்குத் தேவை மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் குடுவை. பல்பொருள் கடையில் கிடைக்கும். தரைக்கு மேர்சி அன்ரி போடும் சோப்புப் போதும்."

எக்லி வெண்கட்டியைச் சட்டைப்பையில் வைத்தபடி அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். வெளியே வந்து வாகனத்தில் விளக்கை ஏற்றும்போது, "வின்டர்தூரில் ஒரு படிக்கட்டு வேலை எடுத்திருக்கிறேன்" என்றார். "மணற்கல். எந்தப் பூச்சுப் போட்டாலும் கறுத்துப் போகிறது. அடுத்த கிழமை வந்து பாருங்கள். மூன்று நாலு மாதிரி கொண்டு வாருங்கள்." கதவைச் சாத்திய பிறகு யன்னலைத் திறந்து, "போத்தலோடு வரலாம்" என்று சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

நேரம் ஒன்பதரை. மேர்சிக்குப் பசித்தது. விடியத் தொடங்கி ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். லாங்ஸ்ட்ராச தெருவுக்குக் கிட்ட ஒரு கடையில் காலையிலேயே இடியப்பமும் சம்பலும் கிடைக்கும் என்று ஜெனனியை டிராமில் கூட்டிக்கொண்டு போனாள். கடையில் பொருட்கள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாழைப்பூப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கிடந்த மேசையில் இருந்து சாப்பிட்டார்கள். மேர்சி பத்து இடியப்பம் சாப்பிட்டாள். ஜெனனி எண்ணவில்லை, மேர்சியே எண்ணிச் சொன்னாள். பெப்ரவரிக்குப் பிறகு இப்படிச் சாப்பிட்டது இன்றைக்குத்தானாம்.

"நீங்கள் ஏன் பிள்ளை லாப் வேலையை விட்டிட்டு இந்த அலைச்சலுக்கு வந்தனீங்கள்?"

"ஷெஃப் கேட்டார். மறுத்துச் சொல்லத் தெரியேல்லை" என்றாள் ஜெனனி. பிறகு யோசித்து, "லாபிலை கல்லு மட்டும்தான் இருக்கும் அன்ரி. அதைச் சிந்தின ஆள் இருக்காது" என்றாள். சொன்ன பிறகுதான் அது தனக்குப் பிடித்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. இன்னொரு பிளேன்ரீ கொண்டுவரச் சொன்னாள்.

சனிக்கிழமை கடிதம் தயாபரனுக்கு வந்தது. அவர் உடனே மேர்சிக்குத் தொலைபேசி எடுத்தார். "அக்கா, திங்கட்கிழமையே பழைய இடத்துக்குப் போங்கோ. அவையே உங்களைத்தான் கேக்கினம்."

"திங்கள் ஏலாது தம்பி. நான் ஐன்சீடல்ன் மாதா கோயிலுக்குப் போறன், லீவு போட்டிருக்கிறன். புதன்கிழமை போறன்" என்றாள் மேர்சி. "அதுக்கு முதல் ஒண்டு இருக்கு. என்னை அங்கயிருந்து எடுத்தது எல்லாப் பிள்ளையளுக்கும் தெரியும். ஏன் திரும்பப் போறன் எண்டதும் தெரிய வேணும். நீங்கள் வாயாலை சொல்ல வேணும்."

தயாபரன் அதைச் செய்தார். செவ்வாய் பின்னேரம் வேலைப் பங்கீட்டுக்கு எல்லோரும் வந்தபோது, கடிதத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினார். கடைசியில், "நான் அண்டைக்கே போய்த் தரையைப் பாத்திருக்க வேணும், பாக்கேல்லை. அது என்ர பிழை" என்று கடிதத்தில் இல்லாததையும் சொன்னார். சொல்லும்போது தடுமாறினார் என்றும், அதற்குப் பிறகு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது என்றும் மேர்சி பின்னர் ஜெனனிக்குச் சொன்னாள். ஜெனனியிடம் அவர் கொம்பனி முழுவதற்கும் கல் சோப்பு அனுப்பச் சொல்லியிருந்தார். அடுத்த மாதம் இன்னொரு வகுப்பு வேண்டும் என்றும் கேட்டிருந்தார்.

ஜெனனி ஓல்டனில் மணற்கல் மாதிரிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்த காலையில் மேர்சியின் குரல்பதிவு வந்தது. பின்னால் வாளி வைக்கும் சத்தம் கேட்டது.

"பிள்ளை, நான் இப்ப தரையைத் துடைச்சு முடிச்சிட்டன். எக்லி மனுசி நல்லாச் செய்திருக்கிறா, புள்ளி இருந்த இடமே தெரியேல்லை. நான் கீழ இருந்து விளக்குப் பிடிச்சும் பாத்திட்டன். இப்ப ஒரு விசயம் கேளுங்கோ. இந்த ஹொட்ஸ் வந்தார். வாசல்லை நிண்டு பாத்தார். பாத்திட்டு ரெண்டு சப்பாத்தையும் கழட்டிக் கையிலை பிடிச்சுக்கொண்டு, காலுறையோட சுவரோரமா நிக்கிறார், ஈரம் எண்டு. நான், வாங்கோ ஹெர் ஹொட்ஸ், காய்ஞ்சிட்டுது எண்டு சொன்னன். ஆள் வரமாட்டாராம். ரெண்டு நிமிசம் அப்பிடியே நிண்டவர். காலுறையிலை ஒரு ஓட்டை வேற." அவள் சிரித்தாள். சிரிப்பு முடிய நேரமெடுத்தது. "சரி, நான் வைக்கிறன். யன்னல் இன்னும் இருக்கு."

ஜெனனி அதை இன்னொரு தரம் போட்டுக் கேட்டாள். பிறகு கடைசிப் பெட்டியையும் ஏற்றி, காரின் பின் கதவைச் சாத்தி, வின்டர்தூருக்குப் புறப்பட்டாள்.